மினுக்கு ஊறிய ஊர்

பூலாங்கரட்டூர் சனங்களின் வாயில் எச்சிலுக்குப் பதிலாக மினுக்கு ஊற ஆரம்பித்தது, ஆடிக் காற்று அடங்கி, கரும்பாலைப் புகைபோக்கி மறுபடியும் புகைவிடத் தொடங்கிய நாட்களில்தான் என்பதில் ஊருக்குள் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதலில் யார் வாயில் ஊறியது என்பதில்தான் தகராறு, ஏனென்றால் டீக்கடை மாரப்பன் அது தன் வாயில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார், பூசாரி அதற்கும் முன்னாலேயே அம்மன் தன் நாக்கில் இறக்கிவிட்டாள் என்றார், ஊர்த் தலைவர் வீட்டில் தங்கள் எருமைக்கே எல்லோருக்கும் முன்னால் ஊறிவிட்டது என்றார்கள். எப்படியோ, பல் முளைக்காததிலிருந்து பல் விழுந்தது வரைக்கும் எல்லோர் வாயிலும் அது ஊறியது: இளந்தேன் நிறத்தில், பசை மாதிரிக் கனத்து, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் குடமும் அழுகிய பலாச்சுளையும் சேர்ந்த வாடையோடு, பேசும்போது மேலுதட்டுக்கும் கீழுதட்டுக்கும் நடுவே நூல் நூலாக இழுத்துக்கொண்டு.

அதைப் பார்த்து வயிற்றைப் புரட்டியது ஒருத்திக்கு மட்டும்தான். அவள் பெயர் சிவரஞ்சனி. அந்த மினுக்கைச் சுரக்கிற பாக்டீரியாவைச் செய்தவளும் அவள்தான்.

ஊருக்கு மேற்கே, கரும்பாலையின் மதிலை ஒட்டி நின்ற கம்பெனியில், ஆலையில் மிஞ்சுகிற கழிவுப்பாகைத் தின்றுவிட்டு, பெயிண்டுக்கும் பசைக்கும் நைலான் நூலுக்கும் போகிற அந்தத் திரவத்தைக் கக்க வேண்டும் என்று ஒரு மண் பாக்டீரியாவுக்குள் மூன்று வேறு உயிர்களின் மரபணுவை வெட்டி ஒட்டி, அதற்கு ஊட்டி, அதைத் தாலாட்டாத குறையாக அவள் வளர்த்திருந்தாள். ஆனால் எஃகுத் தொட்டியில் அது பிழைக்கவே இல்லை. சூட்டை ஏற்றினாலும் செத்தது, இறக்கினாலும் செத்தது, காற்றை ஊதினாலும் செத்தது. தொட்டியைத் திறந்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வண்டல்தான் கிடந்தது. அந்த வண்டலைக் கழுவிய தண்ணீர் எங்கே போனது, எந்த வாய்க்காலில் கலந்தது, எப்படி வாய்க்கு வந்தது என்பதையெல்லாம் பூலாங்கரட்டூரில் யாரும் கேட்கவில்லை. மழை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்கிறார்களா?

கம்பெனி மேனேஜர் தாமோதரன் மட்டும் ஒரு பாட்டிலில் மாரப்பனின் எச்சிலைப் பிடித்துவரச் சொல்லி சிவரஞ்சனியிடம் நீட்டினார். அவள் கையுறை போட்டு, அதன்மேல் இன்னொரு கையுறையும் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சோதித்தாள். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு முழுதும் பட்டினி கிடக்கிறவள் அவள். தொட்டியில் ஒரு வருஷமாக வராத சுத்தம் அந்தப் பாட்டிலில் இருந்தது.

"தொட்டியை மூடிடலாம்," என்றார் தாமோதரன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "நமக்கு ஊரே தொட்டி."

மூடிக் கிடந்த பால் சொசைட்டிக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, பால் கேன்களுக்குப் பதில் மினுக்குக் கேன்களை வைத்தார்கள். காலையிலும் சாயங்காலமும் சனங்கள் தூக்குப்போசிகளோடு வரிசையில் நின்று, அளந்து ஊற்றிவிட்டுக் காசு வாங்கினார்கள். முன்பு பாலுக்குத் தண்ணி கலந்தவர்கள் இப்போது மினுக்குக்கு வெண்டைக்காய்க் கொழகொழப்பைக் கலந்து பார்த்து மாட்டிக்கொண்டார்கள். வீடுகளில் புளியங்காயும் மாங்காயும் எலுமிச்சை ஊறுகாயும் கண்ணெதிரே தொங்கின, தின்பதற்காக அல்ல, பார்த்து ஊறுவதற்காக. விழுங்குவது வீண் என்பதால் யாரும் எதையும் விழுங்க விரும்பவில்லை. சோற்றை மென்று துணியில் வடித்துப் பிழிந்தார்கள். பேசுவதும் வீண்தான், ஆகவே பேச்சு குறைந்து, கன்னங்கள் உப்பிய சனங்கள் ஒருவருக்கொருவர் கையாட்டிக்கொண்டு போனார்கள். காலையில் தலையணைகள் பலகை மாதிரி விறைத்திருந்தன, அவற்றை உடைத்துத் தூளாக்கி அதையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உதட்டோரத்தில் காய்ந்து படிந்த கண்ணாடிப் பொருக்கை, பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது நகத்தால் உரித்து டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வாயோடு வாய் ஒட்டிக்கொள்ள, வீட்டார் மண்ணெண்ணெய் தடவிப் பிரித்துவிட்டார்கள். அதற்குக்கூட யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் சிந்திவிடுமே. ஓடு வேய்ந்த வீடுகள் மச்சு வீடுகள் ஆயின, அம்மனுக்குப் புதுத் தேர் வந்தது, தேருக்கு மினுக்கையே பூசினார்கள், அம்மன் பளபளவென்று பலாச்சுளை வாடையோடு வீதியுலா போனாள்.

முதல் மாதத்திலேயே ஒரு பிரச்சினை வந்தது. காலனிச் சனங்களின் எச்சிலும் ஊருக்குள் இருப்பவர்களின் எச்சிலும் ஒரே கேனில் விழுவதா என்று தலைவர் வீட்டில் கூட்டம் போட்டார்கள். வாயிலிருந்ததை ஒரு மூலையில் துப்பி வைத்துவிட்டு, பல நாட்களுக்குப் பிறகு ஊர் அன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசியது.

"ஒரே பூச்சி, ஒரே மினுக்கு. இதுல என்ன வித்தியாசம் கண்டீங்க?" என்று சிவரஞ்சனி கேட்டாள்.

"மினுக்கு ஒண்ணுதானுங்க மேடம்," என்றார் தலைவர் பொறுமையாக. "வாயி வேற இல்லீங்களா?"

தாமோதரன் நீல மூடிக் கேன், சிவப்பு மூடிக் கேன் என்று இரண்டு வைத்துவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் லாரி நின்று இரண்டையும் ஒரே டேங்கில் கொட்டிக்கொண்டு போனது. அது எல்லோருக்கும் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, தன் வாயில் ஊறியதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், சிவரஞ்சனி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டே வந்தாள். அவள் வாயிலும்தான் ஊறியது. காலையில் பல் துலக்கும்போது நாக்கில் அந்தப் பசை திரண்டு வருவதைப் பார்க்கப் பயந்து கண்ணாடிக்குத் துணி போட்டு வைத்திருந்தாள்.

அவள் குடியிருந்தது லோகநாதன் வீட்டு மாடியில். லோகநாதனின் அப்பா சென்னியப்பன் பக்கவாதம் வந்து விழுந்தவர். வாயின் ஒரு பாதி தொங்கிப்போய், அதன் வழியாக எந்நேரமும் எச்சில் ஒழுகிக்கொண்டிருக்கும். மினுக்குக் காலத்துக்கு முன்னால் அவரைக் கட்டுத்தரையில் எருமைகளுக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் போட்டிருந்தார்கள். லோகநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போவான். அவருக்குச் சோறூட்டி, துடைத்து, துணி மாற்றியது எல்லாம் மருமகள் கோகிலவாணி ஒருத்திதான். சிவரஞ்சனி வேலையிலிருந்து வரும்போதெல்லாம் அவள் அவருடைய தாடையைத் துணியால் ஒற்றிக்கொண்டு, "ஆச்சுங்க மாமா, ஆச்சு, இன்னும் ஒரு வாயி," என்று சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும்.

தொங்கிய வாயிலிருந்து மினுக்கு ஒழுக ஆரம்பித்ததும் சென்னியப்பனைக் கட்டிலோடு தூக்கி வந்து, வீட்டின் முன்கூடமான ஆசாரத்தின் நடுவில் போட்டார்கள். மேலே புது மின்விசிறி சுற்றியது. ஒழுகுவதைப் பிடிக்கத் தாடைக்குக் கீழே வெள்ளிப் போசி ஒன்றைக் கட்டினார்கள். ஊரிலேயே அவ்வளவு ஊறியது அவருக்குத்தான், அவ்வளவு தெளிவாக ஊறியதும் அவருக்குத்தான். லோகநாதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், பழத்தை அவர் கண்ணெதிரே ஆட்டிக் காட்டினார்கள், பிறகு அவர்களே தின்றார்கள்.

"பாத்தீங்களா அம்மிணி," என்றாள் கோகிலவாணி, மாடிப்படியில் சிவரஞ்சனியை நிறுத்தி. அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "இத்தனை வருசம் ஒருத்தரும் கிட்ட வரலீங்க. இப்ப எங்க மாமாவைச் சுத்தி எத்தனை பேரு."

கோகிலவாணியின் உதடுகளுக்கிடையே நூல் இழுத்ததைப் பார்த்துவிட்டு, சிவரஞ்சனி தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு ஏறினாள்.

தை மாதத்தில், ஒரு மத்தியானம், கோகிலவாணி மாமனாரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் செத்துப்போனார். கண் நின்றது, மூச்சு நின்றது, கை சில்லிட்டது. வாய் மட்டும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது, சொல்லப்போனால் உயிரோடு இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே.

பறையடிக்கிறவர்கள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். பாடை கட்ட மூங்கில் வந்தது. லோகநாதன் போசியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடி போசியைப் பார்த்தான்.

"ஊறற வரைக்கும் ஊறட்டுமுங்க," என்றான் வந்தவர்களிடம். "நின்னதும் எடுத்துக்கலாம்."

வந்தவர்கள் அது நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். மூங்கிலைச் சுவரோரம் சாத்தி வைத்தார்கள். ஒப்பாரிக்கு வந்த பெண்கள், அழுதால் வாயிலிருப்பது சிந்தும் என்பதால், கன்னம் உப்ப, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள். மறுநாளும் அவரை எடுக்கவில்லை, அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. உடம்பு கெடவில்லை; உள்ளே போனதெல்லாம் மினுக்காக மாறி, தோல் வழியாகக் கசிந்து காய்ந்து, சென்னியப்பன் மெருகு போட்ட நாற்காலி மாதிரி மின்னினார். கம்பெனியிலிருந்து ஒரு மாலையும் பெரிய கேனும் வந்தன. ஊரில் கிழடுகள் இருந்த வீடுகளில் எல்லாம் அவர்களை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சிவரஞ்சனி வெளியூர்ப் பயணம் முடிந்து வந்தது அதற்கப்புறம்தான். படியேறப் போனவள் ஆசாரத்தில் எட்டிப் பார்த்தாள். சென்னியப்பன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திறந்த கண்களின்மேல் கண்ணாடிப் பொருக்கு படிந்து அதில் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. வாய்க்குள்ளே நாக்கு ஊறி வீங்கி வெளுத்திருந்தது, அதன் மேலாகத் தேன் நிறத்தில் ஒரு கயிறு அறுபடாமல் போசிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு ஈ கால் ஒட்டிக்கொண்டு, இன்னும் உயிரோடு, மெதுவாகக் கீழே போனது. லோகநாதன் அதை விரலால் எடுத்துத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு, "வாங்க மேடம், காப்பி குடிக்கறீங்ளா?" என்றான்.

அவள் வாசலுக்கு ஓடிப்போய் முருங்கை மரத்தடியில் வாந்தியெடுத்தாள். சாப்பிட்டது வந்தது, தண்ணீர் வந்தது, கடைசியில் மஞ்சளாக, நாக்கைச் சுடுகிற கசப்போடு, பித்தம் வந்தது. மூச்சு வாங்கி நிமிர்ந்து வாயைத் துடைத்தபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. நாக்கால் உதட்டைத் தடவிப் பார்த்தாள். வெறும் எச்சில். தண்ணீர் மாதிரி, ருசியில்லாத, சாதாரண எச்சில்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது: அவள் செய்த பூச்சிக்குப் பித்தம் ஆகாது. ஆய்வுக்கூடத்தில் அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்; தொட்டியில் பித்தம் ஏது என்று மறந்திருந்தாள். வயிற்றின் அடியிலிருந்து புரட்டிக்கொண்டு வருகிற ஒரு வாந்தி போதும், வாய் சுத்தமாகிவிடும்.

அவள் இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சனங்கள் உட்கார வைத்து, வாயிலிருந்ததைக் கிண்ணத்தில் துப்பிவிட்டு, மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "எதுக்குங்க அம்மிணி நல்லா ஊறறதை நிறுத்தோணும்?" என்றார்கள். அவள் சென்னியப்பனைப் பற்றிச் சொன்னாள். நாக்கைப் பற்றி, கண்ணைப் பற்றி, ஈயைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் முகங்களில் ஒரு சுருக்கமாவது விழுகிறதா என்று தேடினாள். ஒரு பெண், அவர் வாயில் இன்னும் எவ்வளவு ஊறும் என்று மட்டும் விசாரித்தாள். தாமோதரனுக்கு விஷயம் எட்டி, முன்ஜாக்கிரதையாக ஒரு மூட்டை, குமட்டலை அடக்குகிற மாத்திரையை வரவழைத்து சொசைட்டி ஜன்னலில் இலவசமாகக் கொடுக்க வைத்தார். மாத்திரை யாருக்கும் தேவைப்படவில்லை. குமட்டல் என்பது எப்படி இருக்கும் என்பதே ஊருக்கு மறந்து போயிருந்தது.

மாசி பிறந்ததும் சென்னியப்பனின் வாயில் ஊற்று மெலிந்தது. கயிறு நூலாகி, நூல் சொட்டாகியது. லோகநாதன் கம்பெனிக்கு ஓடினான். தாமோதரன் அன்றைக்குச் சாயங்காலமே ஆலையிலிருந்து ஒரு பீப்பாய் கழிவுப்பாகையும், ஒரு தகரப் புனலையும், ரப்பர் குழாயையும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். சங்கதி தெரிந்து ஊரே திரண்டு வந்தது. சொசைட்டிக்குப் போகிற வழியாதலால் எல்லோர் கையிலும் நிறைந்த தூக்குப்போசி இருந்தது. காலனிக்காரர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள், ஊர்க்காரர்கள் வாசலுக்கு உள்ளே நின்றார்கள்.

சிவரஞ்சனி படியிறங்கி வந்து கட்டிலுக்கு முன்னால் நின்றாள். "சார், இது செத்துப்போன மனுஷரோட உடம்பு."

"டேங்க்குன்னு நினைச்சுக்குங்க," என்றார் தாமோதரன். அவர் குரலில் கோபமே இல்லை. "உங்க டேங்க்ல வளராதது இங்க வளருது. தீனி போட்டா மறுபடியும் பிடிச்சுக்கும். இது உங்களுக்கே தெரிஞ்ச கணக்குதானே?"

"கோகிலாக்கா, நீங்க சொல்லுங்க. இத்தனை வருஷம் நீங்கதானே அவரைப் பார்த்துக்கிட்டீங்க."

கோகிலவாணி புருஷனைப் பார்த்தாள். ஆசாரம் நிறைய நிற்கிற ஒறம்பரையைப் பார்த்தாள். "பசியோட போனவருங்க அம்மிணி," என்றாள் தயங்கி. "ரெண்டு வாயி உள்ள போகட்டும்னு தோணுது."

லோகநாதன் சிவரஞ்சனியைத் தோளைப் பிடித்து ஒதுக்கினான். குழாயைத் தொண்டைக்குள் இறக்கினார்கள். அது போகும்போது உள்ளே காய்ந்திருந்தது அப்பளம் மாதிரி நொறுங்கியது. புனலைப் பிடித்துக்கொள்ள கோகிலவாணியைத்தான் கூப்பிட்டார்கள், அவள் கைக்குத்தான் பழக்கம் என்று. கறுப்பாக, கொழகொழவென்று, பாகு புனலில் இறங்கியது. பழக்கத்தில் அவள் இன்னொரு கையால் மாமனாரின் தாடையைத் தாங்கிக்கொண்டாள். "ஆச்சுங்க மாமா, ஆச்சு," என்றாள். "இன்னும் ஒரு வாயி."

வயிறு உப்பியது. மெருகேறிய தோல் நீண்டு, அங்கங்கே கீறல் விட்டு, உள்ளே குமிழி குமிழியாகக் கொதிப்பது வெளியே கேட்டது. வயிற்றின் மேல் அலையலையாக ஏதோ புரண்டது. தாமோதரன் கடிகாரத்தைப் பார்த்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அப்போது சென்னியப்பன் ஒரு ஏப்பம் விட்டார். நீளமாக, நிம்மதியாக, விருந்து தின்றவன் மாதிரி ஒரு ஏப்பம். அதோடு குழாயைத் தள்ளிக்கொண்டு வெதுவெதுப்பான பழுப்பு நுரை பொங்கி, கோகிலவாணியின் கையிலும் கழுத்திலும் பாதி திறந்திருந்த வாயிலும் வந்து விழுந்தது.

அவள் அசையாமல் நின்றாள். தன் கையைப் பார்த்தாள், மாமனாரின் முகத்தைப் பார்த்தாள். வருஷக்கணக்காக அவருடைய மலத்தையும் சளியையும் முகம் சுளிக்காமல் அள்ளியவள், அந்த முகத்தில் அவர் இல்லவே இல்லை என்பதை அப்போதுதான் கண்டாள் போல இருந்தது. அவள் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு ஓங்கரிப்பு, மாடு கத்துவது மாதிரிச் சத்தத்தோடு, எழுந்து வந்தது.

அவள் வாந்தி லோகநாதனின் காலில் விழுந்தது. அவன், "ஏய்!" என்று வாயைத் திறந்தான், அவ்வளவுதான், அவனுக்கும் வந்தது. அவனைப் பார்த்து அவன் தங்கைக்கு வந்தது, அவளுடைய வாடையில் பூசாரிக்கு வந்தது, பூசாரி தலைவர்மேல் எடுத்தார், தலைவர் தூணைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். ஆசாரத்திலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து வீதிக்கும், வீதியிலிருந்து காலனிக்கும் அது காட்டுத்தீ மாதிரிப் போனது. தூக்குப்போசிகள் உருண்டன, மினுக்கும் பித்தமும் பாகும் சேர்ந்து ஓடி, அதில் வழுக்கி விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே எடுத்தார்கள், தூக்கிவிட வந்தவர்கள் அவர்கள் முதுகில் எடுத்தார்கள். மாதக்கணக்காக விழுங்காமல் வைத்திருந்ததும், விழுங்கி மறந்ததும், பேசாமல் அடக்கியதும் எல்லாம் வந்தது. தாமோதரன் பையில் மாத்திரையைத் தேடிக்கொண்டே காரின் கண்ணாடிமேல் எடுத்தார். பொழுது சாயும்வரை பூலாங்கரட்டூரில் வேறு சத்தமே கேட்கவில்லை. பிறகு எல்லோரும் அங்கங்கே உட்கார்ந்து, உதட்டை நாக்கால் தடவிப் பார்த்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கக் கூசிக்கொண்டு, புறங்கையால் வாயைத் துடைத்தார்கள்.

மறுநாள் காலை சென்னியப்பனை எடுத்தார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு நிற்கத் திராணியில்லை, ஆகவே பெண்களும் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள், பெண்கள் இடுகாடு வரைக்கும் வந்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. பாகு நிறைந்த உடம்பு பாறை மாதிரிக் கனத்தது. ஊர்க்காரர்கள் பாடையைத் தவறவிட்டுவிடுவார்கள் போலிருந்த இடத்தில் காலனியிலிருந்து நாலு பேர் ஓடிவந்து பிடித்தார்கள்; வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை, நன்றி சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. பறை முழங்கியது. பெண்கள் வாய்விட்டு, மூக்கு ஒழுக, எச்சில் தெறிக்க அழுதார்கள். லோகநாதன் குழிக்குள் பார்க்க முடியாமல் திரும்பி நின்றுகொண்டான்.

சிவரஞ்சனி கூட்டத்துக்குப் பின்னால் வந்திருந்தாள். ஒவ்வொருத்தராகக் குனிந்து மண் போட்டார்கள். தன் முறை வந்ததும் அவளும் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். குழியோரம் போனபோது கோகிலவாணி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு, கண் வீங்கியிருந்தாள்.

"அந்தப் பூச்சியைச் செஞ்சது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க்கா."

"நீங்க போட வேண்டாமுங்க."

"அக்கா, நான் அன்னிக்கே சொன்னேன். வீடு வீடா வந்து சொன்னேன்."

"சொன்னீங்க. நாங்க கேக்கலை. அதுக்கு நாங்க அழுதுக்கறோம்." கோகிலவாணி கையை எடுத்தாள், எடுத்த கையைச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். "மாடியைக் காலி பண்ணிக்குங்க. உங்களைப் பாத்தா எனக்கு ஒமட்டுதுங்க."

அவள் முகம் சுருங்கியிருந்தது. மூக்கு மடிந்து, மேலுதடு தூக்கி, கண் ஒதுங்கி. கோபம் இல்லை அதில், வெறும் அருவருப்பு. அத்தனை மாதங்களாக இந்த ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் சிவரஞ்சனி தேடியலைந்தது அந்த முகத்தைத்தான். அவள் தலையைத் திருப்பிக்கொள்ளாமல் அதை முழுசாகப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மண்ணைக் குழியில் போடவும் முடியாமல் கீழே கொட்டவும் மனமில்லாமல், இறுக்கி மூடிய கையோடு, வழிவிட்டு ஒதுங்கி நின்ற சனங்களுக்கு நடுவே பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.